கடற்படைத் தளத்தில் துணிக்கூரைக் கிடங்கு எதற்கு?

இரும்பு அல்லது அலுமினிய வளைவுகளை நிறுத்தி, பிவிசி பூசிய பாலியஸ்டர் துணியை மேலே விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதுதான் துணிக்கூரைக் கிடங்கு. மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடற்படைத் தளங்களில் உப்புக்காற்று பெரிய தொல்லை. தகரக் கூரை சீக்கிரம் துருப்பிடிக்கும், துணிக்கு அந்தக் கவலை இல்லை. பகலில் உள்ளே வெளிச்சமும் வரும்.

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டு வாசலில் போடும் பந்தலைப் பாருங்கள். துணி எங்கே தொய்கிறதோ அங்கேதான் மழைத்தண்ணீர் தொப்பை போட்டு நிற்கும். காற்றடித்தால் படபடத்துக் கிழிவதும் அங்கேதான். கிடங்கிலும் இதே கதை. அப்புறம், கூரை லேசானது என்பதால் புயல்காற்று அதை மேலே தூக்கப் பார்க்கும். அதற்காகவே கால்களைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

துணி என்றதும் நாலு நாள் கூடாரம் என்று பலர் நினைக்கிறார்கள்; ஒழுங்காகப் பராமரித்தால் 10 வருஷம் தாண்டியும் நிற்கும்.