டூத்பிரஷுக்கு யூவி பெட்டி தேவையா?

கேள்வி: எங்கள் ஃபிளாட்டில் குளியலறையும் கழிப்பறையும் ஒன்றுதான். நான்கு பேர் பிரஷும் வாஷ்பேசின் மேல் ஒரே டம்ளரில் இருக்கும். ஃபிளஷ் செய்யும்போது கிருமி பறந்து வந்து பிரஷில் உட்காரும் என்று சொல்லி, யூவி (புற ஊதா) விளக்கு வைத்த பெட்டி ஒன்றை விற்கிறார்கள். விலை ஆயிரத்துச் சொச்சம். வாங்கலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம்.

கிருமி பறப்பது பொய்யில்லை. ஃபிளஷ் செய்யும்போது நுண்துளிகள் கிளம்பிக் காற்றில் கலக்கின்றன என்று அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சார்லஸ் கெர்பா 1975-லேயே காட்டிவிட்டார். மூடியைப் போட்டுவிட்டு ஃபிளஷ் செய்தால் பெரிய துளிகளாவது மேலே தெறிக்காது. இந்தியன் டாய்லெட்டுக்கு ஏது மூடி? அங்கே பிரஷைத்தான் தள்ளி வைக்க வேண்டும். ஆனால் பிரஷில் இருக்கும் கிருமியால் ஆரோக்கியமானவர்களுக்கு நோய் வருகிறது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்கிறது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம்.

யூவி ஒளி, படுகிற இடத்தில்தான் வேலை செய்யும். நெருக்கமான நார்களின் அடிவாரத்தில் நிழல்தான். கிருமியைக் கொல்லும் யூவி-சி என்ற வகை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே எரிகிற நீல வெளிச்சத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது அந்த டம்ளரைத்தான். கவிழ்த்துப் பாருங்கள், அடியில் பேஸ்ட் கலந்த வழவழப்பு ஒட்டியிருக்கும். என்எஸ்எஃப் என்ற அமைப்பு 2011-இல் அமெரிக்காவில் 22 வீடுகளைச் சோதித்தபோது, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், சமையலறை சிங்க் இரண்டுக்கும் அடுத்தபடியாகக் கிருமியோடு மாட்டிக்கொண்டது பிரஷ் ஸ்டாண்டுதான். வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவையுங்கள். அடியில் ஓட்டையுள்ள, பிரஷ்கள் தலை முட்டாமல் நிற்கிற ஸ்டாண்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

பல் தேய்த்ததும் குழாய்த் தண்ணீரில் நார்களைக் கட்டைவிரலால் தேய்த்துக் கழுவி, உதறி, நிமிர்த்தி வையுங்கள். காய்வதுதான் முக்கியம். ஈரத்தோடு மூடி போட்டால் கிருமிக்குக் கொண்டாட்டம். அப்புறம் கரப்பான்? அது நம் ஊர்க் கவலை, நியாயமானதும்கூட. காற்றுத் துளை உள்ள மூடியை, பிரஷ் காய்ந்த பிறகு, படுக்கப் போகும்முன் மாட்டுங்கள்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரஷை மாற்றுங்கள். நார் விரிந்துவிட்டால் அதற்கும் முன்பே. சாஃப்ட் என்று போட்டிருப்பது போதும். வீட்டில் யாருக்காவது ஹெபடைடிஸ் பி இருந்தால், அல்லது கீமோ நடந்துகொண்டிருந்தால், அவர் பிரஷ் தனியாகவே இருக்கட்டும்.