ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, பீரோ சாவி யாரிடம்?

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து வகுப்பறைக் கணினி, டேப், ஸ்மார்ட் போர்டு என்று இதைப் பற்றியே கடிதங்கள் வந்து குவிகின்றன. ஊர், பேர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். சிலருக்கு நீளமான பதில், சிலருக்கு நாலு வரி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து இரண்டு லட்சம் தருகிறோம் என்கிறார்கள், ஏழாம் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கடைக்காரர் 65 அங்குல டச் பேனலுக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டு, இந்த மாதமே ஆர்டர் போட்டால் விலை குறையும் என்கிறார். வாங்கலாமா?
– தலைமை ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

வாங்கலாம் டீச்சர், ஆனால் இந்த மாதமே வேண்டாம். அவசரம் கடைக்காரருக்குத்தான்.

முதலில் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். 65 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு, திரையின் உயரம் சுமார் 80 சென்டிமீட்டர்தான். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் திரை உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் உட்கார வேண்டும் என்று ஒரு உத்தேசக் கணக்கு உண்டு, அதாவது 16 அடி. உங்கள் அறை 20 அடி என்றால் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குப் படம் தெரியும், அதன் கீழே எழுதியிருப்பது தெரியாது. புரொஜெக்டர் வாங்கினால் படம் பெரிதாகும், ஆனால் பகல் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், ஜன்னலைச் சாத்தினால் உங்கள் ஊர் வெயிலில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். ஆகவே பேனலா புரொஜெக்டரா என்பதைக் கொட்டேஷனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது கரண்ட். பேனலை மாட்டுவதற்கு முன்னால் நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு அந்த அறையின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ சரியில்லை. பழைய பள்ளிக் கட்டடங்களில் எர்த் குழி எங்கே என்றே பலருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கோடையில் காய்ந்து கிடக்கும், அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. அப்படிப்பட்ட லைனில் லட்ச ரூபாய் சாமானை மாட்டிவிட்டு, முதல் இடி மழையில் போர்டு போய்விட்டதே என்று கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

அதனால் இரண்டு லட்சத்தையும் பேனலிலேயே கொட்டாதீர்கள். ஒயரிங், எர்த், யு.பி.எஸ். இவற்றுக்கு ஒரு பங்கு, வாரண்டி முடிந்த பிறகு வரும் சர்வீஸுக்கு ஒரு பங்கு (யு.பி.எஸ். பேட்டரியே மூன்று நான்கு வருடத்தில் மாற்றச் சொல்லும்) என்று எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் எது வருமோ அதை வாங்குங்கள். டச் பேனலுக்குப் பதிலாகப் பெரிய டி.வி. ஒன்றும் ஒரு லேப்டாப்பும்தான் வரும் என்றால் வரட்டுமே. திரையைத் தொட்டே நடத்த வேண்டிய பாடம் ஏழாம் வகுப்பில் எத்தனை இருக்கிறது என்று உங்கள் ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொட்டேஷனில் விலையை விட முக்கியமான வரி ஒன்று உண்டு: ரிப்பேர் என்றால் ஆள் பள்ளிக்கு வருவாரா, இல்லை நீங்கள் பேனலைக் கழற்றி வேனில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா? இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அரசே தொடக்கப் பள்ளிகளுக்கு 20,000-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகளும், நடுநிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் என்று திட்டம் போட்டுச் செய்துவருகிறது. உங்கள் பள்ளிக்கு என்ன வந்திருக்கிறது, என்ன வரப்போகிறது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்கினால் ஒரே சாமானை இரண்டு முறை வாங்காமல் இருக்கலாம். பணத்தைக் கையில் வாங்காமல் 2022-ல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்ற அரசின் நன்கொடைத் திட்டம் வழியாக வாங்கினால் ரசீது, கணக்கு என்ற தலைவலியும் குறையும்.

இனி யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். சாமான் வந்ததும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும். ஏறியதும் அது உங்கள் பொறுப்பு. உடைந்தால், தொலைந்தால், ஆடிட்டில் கேள்வி, ஓய்வு பெறும் சமயத்தில் கேள்வி. இந்தப் பயத்தில் லேப்டாப் பீரோவுக்குள் போகும், ரிமோட் மேஜை டிராயருக்குள் போகும், சாவி உங்கள் கைப்பைக்குள் போகும். நீங்கள் மீட்டிங் போன அன்று ஸ்மார்ட் வகுப்பு நடக்காது. இதில் எச்.எம்.களைக் குறை சொல்லி என்ன பயன், விதி அப்படித்தான் பயமுறுத்துகிறது. ஆகவே வாங்குவதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, பயன்படுத்தும்போது ஏற்படும் பழுதை யார் தலையிலும் கட்டுவதில்லை என்று பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, அவர்கள் கையெழுத்துக்கு எடை உண்டு. சாவி இரண்டு செய்து ஒன்றை ஏழாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

பெரு நாட்டில் என்ன நடந்தது என்று உங்கள் முன்னாள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்று 8 லட்சத்துக்கும் மேல் வாங்கிக் கொடுத்தார்கள். 319 கிராமப் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வந்தது. சுமார் 15 மாதம் கழித்துப் பார்த்தால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. பெட்டி வந்து சேர்ந்தது, அதை வைத்து எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதில் ஆசிரியர்களுக்குப் போதிய துணை வந்து சேரவில்லை. நீங்களும் முதலில் ஏழாம் வகுப்பு ஆசிரியர்களை உட்காரவைத்து, எந்த ஐந்து பாடங்களை இதில் நடத்தப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியல் வந்த பிறகு கடைக்காரருக்குப் போன் செய்யலாம்.

கேள்வி: ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டால் கரும்பலகையை எடுத்துவிடலாமா?
– பி.டி.ஏ. தலைவர், கரூர் மாவட்டம்

எடுக்காதீர்கள் சார். திரையில் அடுத்த பக்கம் வந்ததும் முந்தைய பக்கம் போய்விடும். கணக்கின் முதல் வரி கடைசி வரி வரைக்கும் கண் முன்னால் நிற்பது கரும்பலகையில்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். முக்கியமாக, கரும்பலகைக்கு மேலேயே பேனலை ஆணி அடித்து மாட்ட விடாதீர்கள், பல ஊர்களில் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: நான் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போர்டில் வீடியோ போட்டால் பிள்ளைகள் கைதட்டிப் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. நான் என்ன தப்பு செய்கிறேன்?
– பட்டதாரி ஆசிரியை, தென்காசி மாவட்டம்

வீடியோவை ஓடவிட்டு நீங்கள் கை கட்டி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன் டீச்சர். மூன்று நிமிட வீடியோவுக்கு ஒரு பீரியட் ஆக வேண்டும். அவ்வளவு இடத்தில் நிறுத்தலாம்.

மின்னியலையே எடுத்துக்கொள்வோம். ஒரு பேட்டரி, இரண்டு பல்பு, வரிசையாக இணைத்திருக்கிறீர்கள். ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்: எது பிரகாசமாக எரியும், முதல் பல்பா, இரண்டாவதா, இரண்டும் ஒரே மாதிரியா? விரலைக் காட்டச் சொல்லுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று. வகுப்பில் நிறையப் பேர் முதல் பல்பு என்பார்கள், கரண்ட் அங்கேதானே முதலில் போகிறது! உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவனிடம் இரண்டு நிமிடம் சண்டை போடச் சொல்லி, மறுபடியும் விரலைக் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களிலிருந்து கல்லூரிப் பிள்ளைகளிடமே இதைச் செய்துவருகிறார், நமக்கு விரல் போதும். அப்புறம் நிஜ பல்பை எரியவிட்டுக் காட்டுங்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் எரியும் (ஒரே வகை பல்பாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் மானம் போய்விடும்).

திரைக்கு வேலை இதற்குப் பிறகுதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ என்ற இலவசத் தளத்தில் மின்சுற்று கட்டிப் பார்க்கிற செயல்முறை ஒன்று இருக்கிறது, ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் அப்புறம் நெட் வேண்டாம். அதில் ஒயருக்குள் எலெக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக ஊர்ந்து போவது தெரியும், இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் சுற்று முழுவதும் மெதுவாகிவிடும். முதல் பல்பு வழியாகப் போன அத்தனையும் இரண்டாவது வழியாகவும் போகிறது என்பதை மேஜை மேல் உள்ள பேட்டரியால் காட்ட முடியாது, திரையால் முடியும். புத்தகத்தில் அம்புக்குறி வேறு பக்கம் போகிறதே என்று ஒரு வாண்டு கட்டாயம் கேட்கும் (மின்னோட்டத்தின் திசையை எலெக்ட்ரான் போகும் திசைக்கு எதிராகக் குறிப்பது வழக்கம்). கேட்டால் உங்கள் வகுப்பு நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

பாடநூலில் கியூ.ஆர். குறியீடு 2018-லிருந்தே இருக்கிறது, தீக்‌ஷா செயலியில் அதற்கான வீடியோவை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு சொந்த போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, வட்டம் சுற்றுவதைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: என் மகளின் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அவர்கள் சொல்லும் டேப்பை, அவர்கள் சொல்லும் செயலியோடு வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். மறுக்க முடியுமா?
– ஒரு அப்பா, கோயம்புத்தூர்

தனியாகப் போய் மறுத்தால் உங்கள் மகளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போங்கள், சண்டைக்குப் போகாமல் கேள்வியோடு போங்கள். வாரத்தில் எத்தனை பீரியட், எந்தெந்தப் பாடத்துக்கு? அடுத்த வருடம் சந்தா கட்டாவிட்டால் பாடமும் அவள் எழுதிய குறிப்பும் மறைந்துவிடுமா? இரண்டாவது பிள்ளைக்கு அதே டேப் ஆகுமா? திரை உடைந்தால் வெளியே மாற்றலாமா? பிள்ளையின் மார்க்கும் போட்டோவும் எந்தக் கம்பெனியிடம் போகிறது? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்கிறது, அவர்கள் தகவலை எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பள்ளிகளுக்கென்று சில விலக்குகள் உண்டு, ஆனாலும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முதல் கேள்விக்கே பதில் வராவிட்டால், வாங்கச் சொல்வது டேப் விற்கிறவருக்காக என்று புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: உதவி பெறும் பள்ளியில் கணினி ஆசிரியராக இருக்கிறேன். 20 கணினிகள், எல்லாம் பழசு, விண்டோஸ் 10. மாணவர்கள் 42 பேர். நெட் வந்தால் வரும். புதிதாக வாங்கக் காசு இல்லை என்கிறார் தாளாளர்.
– சிவகங்கை மாவட்டம்

விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது, ஆனால் அதற்காகக் கணினிகளைக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை சார். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு கணினியில் மட்டும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க்கைப் போட்டால் வேகத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். பக்கத்து மாநிலமான கேரளாவில் பள்ளிக்கூடங்கள் வருடக்கணக்காகக் கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் என்று 2001-ல் தொடங்கியது 2017-ல் ‘கைட்’ என்ற நிறுவனமாக மாறி, 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர் கொடுத்தது. எனக்குப் பிடித்தது அதுகூட இல்லை. 2018-ல் உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மாணவர் மன்றம் வைத்து, கணினி பராமரிப்பைப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஆறு பேரைப் பிடியுங்கள். ரேம் கழற்றித் துடைத்து மாட்டுவது, ஹெட்போன் ஒயர் ஒட்டுவது, எந்த நம்பர் கணினியில் என்ன பழுது என்று நோட்டில் தேதியோடு எழுதுவது, இதெல்லாம் அவர்கள் கையில் போகட்டும். கரண்ட் ஒயர் வேலை மட்டும் பெரியவர்கள் செய்யட்டும்.

நெட்டுக்கு ‘கோலிப்ரி’ என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். ஒரு கணினியில் பாடங்களை இறக்கி வைத்துவிட்டால் மற்ற 19-ம் லேன் (அறைக்குள் கணினிகளை இணைக்கும் ஒயர்) வழியாக அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 42 பேர் என்றால் கணினிக்கு இரண்டு பேர், இரண்டு இடத்தில் மூன்று பேர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மவுஸ் கைமாற வேண்டும் என்று விதி போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே பையன் கடைசி வரை பிடித்துக்கொண்டிருப்பான், பக்கத்தில் இருக்கும் பெண் வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கேள்வி: என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு அவள் இன்னும் ஒதுங்கிப்போன மாதிரி இருக்கிறது.
– ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

நீங்கள் கவனித்தது சரிதான் சார். திரை வந்ததும் நம் வாயில் ‘இதோ பாருங்க, இதிலிருந்து இது இங்கே போகுது’ என்பதுதான் வருகிறது. கரும்பலகையில் எழுதும்போது எழுதுவதை வாய்விட்டுப் படிப்போம், அந்தப் பழக்கம் திரையில் போய்விட்டது. திரையில் இருப்பதைச் சொல்லுங்கள்: ‘இடது பக்கம் வேர், அதிலிருந்து தண்ணீர் தண்டு வழியாக மேலே ஏறுகிறது.’ மற்றப் பிள்ளைகளுக்கும் அது நல்லது.

அவளுக்கென்று ஒரு லேப்டாப் கிடைத்தால் ‘என்.வி.டி.ஏ.’ என்ற திரைவாசிப்பு மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள். இலவசம், தமிழையும் வாசிக்கும், குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருந்தாலும் பழகிவிடும். ஆனால் ஒன்று, நீங்கள் கொடுக்கும் நோட்ஸ் யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைக் கொடுத்தால் அது சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசித்துத் தள்ளும், ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் வாயே திறக்காது. பழைய நோட்ஸை யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன, ஒரு பாடத்தை மாற்றி இந்த வாரமே அவளிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள், எந்த இடத்தில் தடுக்குகிறது என்று அவளே சொல்லிவிடுவாள்.