வேட்டைக் குண்டுக்கு நல்ல குரூப் மட்டும் போதுமா? கேள்வி பதில்

அமெரிக்காவில் மான், எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குத் தங்கள் தோட்டாவைத் தாங்களே ரீலோடு செய்யும், அதாவது காலிக் கேஸை மறுபடி நிரப்பும், நண்பர்கள் கேட்டவை இவை. தோட்டா என்றால் கேஸ் (வெளிக்கூடு), ப்ரைமர் (தீப்பொறி தருவது), பவுடர் (வெடிமருந்து), குண்டு நான்கும் சேர்ந்தது. குண்டு என்பது பறந்து போவது மட்டும். குரூப் என்பது ஒரே இலக்கில் சுட்ட குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்ற அளவு. லோடு என்பது ஒரு தோட்டாவில் சேர்க்கும் குண்டும் பவுடர் அளவும்.

கேள்வி: அண்ணா, என் .308 (0.308 அங்குலக் குண்டு சுடும்) ரைஃபிளில் மேட்ச் குண்டு 100 கஜத்தில் அரை அங்குலக் குரூப் போடுகிறது. வேட்டைக் குண்டோ ஒன்றேகால் அங்குலம். மேட்ச் குண்டையே மானுக்கு எடுத்துப் போகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி எட்டு அங்குலம் அளவு இருக்கும். உன் ஒன்றேகால் அங்குலம் 250 கஜத்தில் மூன்று அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மேட்ச் குண்டு காகித இலக்குக்காகச் செய்தது. ஒரு நாள் விரியாமல் ஊசிபோலத் துளைத்துப் போகும், இன்னொரு நாள் நொறுங்கும். மேட்ச்கிங் என்ற மேட்ச் குண்டைச் செய்யும் சியரா நிறுவனமே அதை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: கடையில் இத்தனை வகை இருக்கிறதே, எதை வைத்துத் தேர்வது?

பதில்: மிருகத்தைத் தொடும்போது குண்டுக்கு என்ன வேகம் இருக்கும்? அதிலிருந்து தொடங்குங்கள். 165 க்ரெய்ன் (க்ரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டு .308-ல் விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பினால், 300 கஜத்தில் ஏறக்குறைய 2,100 அடிதான் மிஞ்சும். 40 கஜத்தில் நொறுங்கவும் கூடாது, 300 கஜத்தில் விரியாமல் போகவும் கூடாது.

ஈயத்தின் மேல் மெல்லிய செம்புறை போட்ட சாதாரணக் குண்டு நடுத்தர வேகத்தில் வெள்ளைவால் மானுக்கு நன்றாகவே போதும், விலையும் குறைவு. ஆனால் அதிகப் பவுடர் கொள்ளும் வேகமான மேக்னம் ரைஃபிளில் கிட்டத்தில் சுட்டால் சிதறும். நான் ஒருமுறை 40 கஜத்தில் ஒரு பெண்மானின் தோளில் அப்படிச் சுட்டேன். குண்டு எலும்பிலேயே உடைந்துபோனது. ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை நடந்துதான் அதைக் கண்டுபிடித்தேன். அந்த மான் பட்ட வேதனை என்னால்தான். அதற்குப் பிறகு சோதிக்காத குண்டை நான் காட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

இந்தத் தொல்லை பழையது. பின்னால் நாஸ்லர் குண்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் நாஸ்லர் 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் (மிகப் பெரிய மான் வகை) வேட்டைக்குப் போனபோது அவர் குண்டு ஆழமாக இறங்கவில்லை. நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டு அதிலிருந்துதான் பிறந்தது. முன்பாதி விரிந்து உதிர்ந்தாலும் பின்பாதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இன்று ஈயத்தையும் உறையையும் ஒட்டவைத்த பாண்டட் குண்டு உண்டு, முழுச் செம்புக் குண்டும் உண்டு. எல்க் அளவு மிருகத்துக்கு இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுப்பேன்.

கேள்வி: வீட்டில் குண்டைச் சுட்டுச் சோதிக்கும் ஜெல் எல்லாம் இல்லை. எப்படிச் சோதிப்பது?

பதில்: ஒரு கேலன் தண்ணீர்க் கேன்கள் ஆறேழை வரிசையாக வையுங்கள், பின்னால் நல்ல மண்மேடு இருக்கட்டும். ஊறவைத்த செய்தித்தாள் கட்டும் சரிதான். நின்ற குண்டை எடுத்து எடை போடுங்கள், விரிந்த அகலத்தை அளந்து குறித்து வையுங்கள். தண்ணீர் சதை ஆகாது. எலும்பும் அதில் கிடையாது. அதனால் "பன்னிரண்டு அங்குலம் இறங்கியது, மானிலும் அப்படித்தான்" என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே பொருளில் இரண்டு குண்டுகளைச் சுட்டு ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் இது உதவும்.

முக்கியமாக, பலரும் கிட்டத்தில் முழு வேகத்தில் சுட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். தூரத்து வேகத்திலும் விரிகிறதா என்று பார்க்க வேண்டும். நாஸ்லர் நிறுவனம் தன் அக்யூபாண்ட் என்ற பாண்டட் குண்டுக்குச் சொல்லும் குறைந்தபட்ச வேகம் விநாடிக்கு 1,800 அடி. அந்த அளவுக்கு வேகத்தைக் குறைத்துச் சோதிக்க ஹெச்4895 போன்ற, குறைந்த லோடுக்கென்றே தயாரிப்பாளர் வழிமுறை தந்திருக்கும் பவுடரை மட்டும் பயன்படுத்துங்கள். மெதுவாக எரியும் பவுடரை இஷ்டத்துக்குக் குறைப்பது ஆபத்து. வேகத்தை ஊகிக்காமல், அதை அளக்கும் கருவியான க்ரோனோகிராஃபில் பாருங்கள்.

கேள்வி: ஈயக் குண்டுக்குப் பதில் அதே 165 க்ரெய்ன் செம்புக் குண்டு. பவுடர் அளவு அப்படியே இருக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்துக்கு 11.34. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், கேஸுக்குள் இடத்தைப் பிடிக்கும், அழுத்தம் மாறும். அந்தக் குண்டுக்கென்று அச்சான கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள். பார்ன்ஸ் நிறுவனத்தின் செம்புக் குண்டை, பேரலுக்குள் வெட்டிய வரிகள் தொடங்கும் இடத்திலிருந்து 0.05 அங்குலம் தள்ளி உட்காரவைத்துத் தொடங்கலாம். எடையில் ஒரு படி கீழே, 150-க்குப் போனாலும் நஷ்டமில்லை. மிருகத்துக்குள் விரியும்போது செம்பு எடையை அதிகம் இழக்காது.

கேள்வி: மூன்று குண்டுக் குரூப் போதுமா?

பதில்: ஆகாத லோடைக் கழிக்கப் போதும். நல்ல லோடு என்று நம்ப, குறைந்தது பத்துக் குண்டு சுடுங்கள். அப்புறம் ஆறிய பேரலில் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று பல நாள் பாருங்கள். மானுக்குப் போவது அந்தக் குண்டுதான்.

கேள்வி: கலிபோர்னியாவில் ஈயம் ஏன் கூடாது?

பதில்: 2019 ஜூலை 1 முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டு முழுத்தடை. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுவரும் மிருகக் குடலில் ஈயத்துணுக்கு இருக்கும், அதைத் தின்று காண்டார் கழுகுகள் செத்தன. 1982-ல் உலகத்திலேயே 22 காண்டார்கள்தான் மிச்சம். தடை இல்லாத மாநிலத்திலும் என் பிள்ளைகள் சாப்பிடும் இறைச்சிக்குச் செம்புதான்.

கேள்வி: மானுக்குள் கிடைத்த குண்டில் பாதி எடைதான் இருந்தது. குண்டு மோசமா?

பதில்: மான் எத்தனை தூரம் ஓடியது? முப்பது கஜத்துக்குள் விழுந்து, இரண்டு நுரையீரலும் கிழிந்திருந்தால் உங்கள் குண்டு வேலையைச் செய்துவிட்டது. பார்ட்டிஷனே மூன்றில் ஒரு பங்கை இழக்கும். தோல் உரிக்கும்போது காயம் போன பாதையைப் பார்த்து, தூரத்தோடு சேர்த்து லோடு நோட்டில் எழுதி வையுங்கள்.