ஜப்பானின் பாரம்பரிய இசைக்கருவிகளை இன்றைய பாப் இசையோடு இணையம் வழியே சேர்க்க முடியுமா?

முடியும். நானே ஒரு பாட்டு அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் முதல் மூன்று வாரங்கள் நான் செய்தது அத்தனையும் தவறு. அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

டோக்கியோவில் நிஷி கசாயில் குடியிருக்கிறேன். பகலில் கணினி வேலை, இரவில் கீபோர்டு. கோட்டோ என்னும் தந்திக் கருவியை வாசித்தவர் ஹிரோஷிமா மாகாணத்து ஃபுகுயாமாவில் இருக்கிறார். கோட்டோ செய்வதற்கே பெயர்போன ஊர் அது. ஷகுஹச்சி என்னும் மூங்கில் குழலை வாசித்தவர் செண்டாய்க்காரர். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை.

நேரலையில் சேர்ந்து வாசிக்க யமஹாவின் சிங்க்ரூம் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. முப்பது மில்லி விநாடி தாமதம் என்பது பத்து மீட்டர் தள்ளி நிற்பவரோடு சேர்ந்து வாசிப்பதற்குச் சமம். அதற்கு மேல் போனால் தாளம் இழுக்கத் தொடங்கிவிடும். நாங்கள் அந்த வம்புக்கே போகவில்லை. அவரவர் வீட்டில் பதிவு செய்து கோப்புகளை அனுப்பிக்கொண்டோம்.

நான் முதலில் அனுப்பியது முழுவதும் முடிந்துவிட்ட ஒரு பாப் பாட்டு. கடைசிப் பல்லவியில் அரைச் சுருதி மேலே ஏறும், எல்லாரும் செய்வதுதான். கோட்டோக்காரர் இரண்டு நாள் கழித்து, “சற்றுக் கடினமாக இருக்கலாம்” என்று எழுதினார். இந்த ஊரில் ஆறு வருடம் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. “பரவாயில்லை, மெதுவாகச் செய்யுங்கள்” என்று பதில் போட்டேன். ஜப்பானில் “கடினமாக இருக்கலாம்” என்றால் “முடியாது” என்று பொருள்.

ஏன் முடியாது என்பதைப் பிறகு காணொளி அழைப்பில் காட்டினார். ஆறடி நீள மரம், 13 தந்திகள், ஒவ்வொரு தந்திக்கும் அடியில் தந்தியைத் தாங்கும், தனித்தனியே நகர்த்தக்கூடிய ஒரு குதிரை. பாட்டுக்கு ஏற்பக் குதிரைகளை முன்னும் பின்னும் தள்ளித்தான் சுருதி சேர்க்கிறார்கள். நடுவில் ஓரிரு குதிரைகளை நகர்த்தலாம், பதின்மூன்றையும் முடியாது. வழக்கமான சேர்க்கை ஹிராஜோஷி. முதல் தந்தியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஸ ரி ம ப த. ரிஷபமும் தைவதமும் சுத்தம். நம் காதுக்குச் சாவேரி ராகத்தின் ஆரோகணம்! காந்தாரமோ நிஷாதமோ வேண்டுமென்றால் குதிரைக்கு இடப்பக்கம் தந்தியை இடக்கையால் அழுத்தி எழுப்ப வேண்டும், வீணையில் தந்தியை இழுப்பதைப் போல. என் பாட்டில் நொடிக்கொரு காந்தாரம் வந்தது. அவர் கை என்னாவது?

“தனித்தனித் துண்டாகப் பதிவு செய்யலாமே, நடுவில் நிறுத்திச் சுருதி மாற்றிக்கொள்ளுங்கள்” என்று புத்திசாலித்தனமாக யோசனை சொன்னேன். மேடையில் வாசிக்க முடியாததைப் பதிவில் வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்த அரைச் சுருதி ஏற்றத்தை நீக்கிவிட்டு, மெட்டை அவருடைய ஐந்து சுரங்களைச் சுற்றி மறுபடி போட்டபோதுதான் பாட்டுக்கு உயிர் வந்தது. கோட்டோவின் மீட்டல் அடங்குவதற்கு இடம் வேண்டும் என்பதால் கீபோர்டில் பாதியைத் தூக்கி எறிந்தேன்.

அடுத்த சிக்கல் சுருதி எண், அதாவது எல்லாரும் சுருதி சேர்க்கும் அடிப்படைச் சுரத்தின் அதிர்வெண். என் மென்பொருள் 440 ஹெர்ட்ஸில் இருந்தது, செண்டாய்க்காரரின் குழல் 442-க்குச் செய்தது. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் சேர்த்துக் கேட்டால் பல் கூசும். மூங்கிலைத் திருத்த முடியாது. மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். மாற்றினேன். எது வளையுமோ அதை வளைப்பதுதானே நியாயம்? இது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

பெரிய தவறு இனிமேல்தான். செண்டாய்க்காரர் அனுப்பிய வாசிப்பில் ஒவ்வொரு சுரத்துக்கும் முன் ‘ஹ்ஹ்’ என்று மூச்சு கேட்டது. இரைச்சல் நீக்கியைப் போட்டுத் துடைத்தேன். நழுவி நழுவி வந்த சுரங்களைத் திருத்தினேன். தாளத்துக்குப் பின்னால் தங்கிய இடங்களை மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் இழுத்துப் பொருத்தினேன். மிகவும் சுத்தமாகிவிட்டது என்ற பெருமையோடு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: “என் மூச்சை எங்கே வைத்தீர்கள்?”

ஷகுஹச்சியில் இருப்பது ஐந்தே துளைகள், முன்னால் நான்கு, பின்னால் ஒன்று. மீதி சுரங்களெல்லாம் தலையைத் தாழ்த்தியும் நிமிர்த்தியும் ஊதுகோணத்தை மாற்றிப் பிறப்பவை. சீறும் மூச்சுக்கு ‘முராயிகி’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நான் அழுக்கென்று துடைத்ததுதான் வாசிப்பு. மூலக் கோப்பை அப்படியே திரும்பப் போட்டு, டிரம்ஸைச் சற்றுப் பின்னால் தள்ளினேன், அவ்வளவுதான்.

உங்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் வகாக்கி பேண்டைக் கேளுங்கள். எட்டுப் பேர் இருந்த குழு: கோட்டோ, ஷகுஹச்சி, சுகாரு ஷாமிசென் என்னும் மூன்று தந்தி வாத்தியம், ஜப்பானியப் பறைகள், கூடவே கிட்டார், பாஸ், டிரம்ஸ், பாடகி. 2014-இல் அவர்கள் வெளியிட்ட ‘செம்போன்சாகுரா’ காணொளி யூடியூபில் பத்துக் கோடிப் பார்வைகளைத் தாண்டியது. அது 2011-இல் ஹட்சுனே மிகு என்ற கணினிக் குரலுக்காக நிகோநிகோ என்னும் ஜப்பானியக் காணொளித் தளத்தில் ஏற்றப்பட்ட பாட்டு. ‘பாடிப் பார்த்தேன்’, ‘வாசித்துப் பார்த்தேன்’ என்று முகம் தெரியாதவர்கள் ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்து வாசிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அதனால் நீங்கள் கேட்பது புதிய விஷயமில்லை. ஜப்பானில் யாரிடமும் வெட்கப்படாமல் கேட்கலாம்.

ஒன்று மட்டும்: ஆகஸ்டில் பதிவு வைக்காதீர்கள். ஃபுகுயாமாவில் ஜன்னலைச் சாத்தியும் சில்வண்டு கத்தியது. எங்கள் இரண்டாம் சரணத்தில் அது இன்னும் இருக்கிறது. செண்டாய்க்காரர் அதை எடுக்க விடவில்லை.