பயணத்தில் காலை உணவு: முந்தைய இரவே சமைத்து வைக்கலாமா?

கேள்வி: குடும்பத்தோடு 10 நாள் காரில் வெளியூர் போகிறோம். தங்கும் இடங்களில் காலை உணவை நானே செய்துவிடலாம் என்று சின்ன அடுப்பு ஒன்று எடுத்துப்போகிறேன். கணவருக்கு 58 வயது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்பார்மின் சாப்பிடுகிறார். பேத்திக்கு 3 வயது. இரவே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றிவைத்து, காலையில் சூடுபண்ணிக் கொடுத்தால் போதுமா டாக்டர்?

பதில்: அது மட்டும் வேண்டாம் அம்மா. இரவு பத்து மணிக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கஞ்சி, விடியும்போது பெரும்பாலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

காலையில் நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தானிய உணவுகளில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் முதல் கொதியிலேயே சாவதில்லை. உணவு ஆறும்போது அவை முளைத்து ஒரு நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்கவும் முடியாது.

அதனால் முன்கூட்டிச் செய்யும் வேலையை உலர்ந்த பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரம் இல்லாத இடத்தில் கிருமி வளராது. ஆளுக்கு, நாளுக்கு ஒரு பொட்டலம்: தட்டை ஓட்ஸ் 40 கிராம், பால் பவுடர் 15 கிராம், பாதாம் 15 கிராம். இதில் சுமார் 12 கிராம் புரதம் கிடைக்கும். பொட்டலத்தின் மேல் பெயரை எழுதிவிடுங்கள். கணவருடையதில் சர்க்கரையும் உலர் திராட்சையும் வேண்டாம். பேத்திக்கு அளவில் பாதி போதும். ஆனால் பாதாமைப் பொடித்தே போடுங்கள். இந்த வயதில் முழுப் பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும், ஓடும் வண்டியில் இன்னும் ஆபத்து. காலையில் ஒரு பொட்டலத்துக்கு 250 மில்லி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதில் கொட்டி 5 நிமிடம் கிளறினால் முடிந்தது. உடனடி ஓட்ஸ் வாங்காதீர்கள். அது சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும்.

முட்டை எடுத்துப்போனால் ஓட்டோடு பச்சையாகக் கொண்டுபோய் அங்கேயே வேகவையுங்கள். வீட்டிலேயே உடைத்து, அடித்து, பாட்டிலில் நிரப்பிக்கொண்டு போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கணவர் விஷயத்தில் எனக்குக் கவலை கிளிமிபிரைடுதான். வழக்கமான நேரம் ஆகிவிட்டதே என்று மாத்திரையைப் போட்டுவிட்டு, அடுப்பு பற்றாமலோ கிளம்பும் அவசரத்திலோ சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். கஞ்சி தட்டில் வந்த பிறகு மாத்திரை எடுக்கட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சில் குழப்பம் என்று எது தெரிந்தாலும் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். 70 மி.கி./டெ.லி-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளுக்கோஸ் அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், டிக்கியில் வைத்த பெட்டியில் வேண்டாம். வழியில் வாந்தி, பேதி வந்தால் இரண்டு மாத்திரைகளையும் தொடரலாமா என்று அவருடைய மருத்துவரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.

அடுப்பைக் காருக்குள்ளோ, சன்னல் சாத்திய அறையிலோ, கூடாரத்திலோ பற்றவைக்காதீர்கள், மழை பெய்தாலும் சரி. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தொடங்கும்; பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு நாள் காலையில் வீட்டிலேயே கணவருக்கு ஒரு பொட்டலம் செய்து கொடுங்கள். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள். எண் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் அவருடைய பொட்டலங்களில் மட்டும் ஓட்ஸை 30 கிராமாகக் குறைத்து, ஒரு வேகவைத்த முட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.