கிணற்றடிக் கேள்விகள்

காலநிலை மாற்றத்துக்கு வீட்டிலிருந்தே என்ன செய்யலாம் என்று கேட்ட யாழ்ப்பாண வாசகர்களுக்கு, ஓய்வுபெற்ற நிலத்தடி நீர்ப் பொறியியலாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

உரும்பிராய் வாசகி: ஐயா, உலகம் சூடாகிறதில் இலங்கையின் பங்கு சொற்பம். நாங்கள் வீட்டில் செய்து என்ன ஆகப்போகுது?

உலகம் விடுகிற கரியமில வாயுவில் எங்கள் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லைத்தான், பிள்ளை. புகையைக் குறைக்கிற கடன் பெரிய நாடுகளுக்கு. எங்களுக்கு, வாறதைத் தாங்குகிற வேலை. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் அது தண்ணீரை வைத்துக்கொள்வதுதான். கூரை விளிம்பில் மழைநீர் பிடிக்கப் பீலி போடுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் வருஷத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,20,000 லீற்றர். ஐந்தில் ஒன்று வீணானாலும் 96,000 மிஞ்சும். ஐந்து பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லீற்றர் என்றால் 5,000 லீற்றர்த் தாங்கி 200 நாள் போகும். முதல் மழையைத் தாங்கிக்குள் விடாதீர்கள், காக்கை எச்சமும் சருகும் அதோடுதான் வரும். மிச்சத்தைக் கிணற்றடியில் குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குங்கள்.

சுன்னாகம்: கிணற்றுத் தண்ணி உவர்க்குது. கொதிக்க வைத்தால் சரிவருமா?

வராது. நீர் ஆவியாகும், உப்பு சட்டிக்குள்ளேயே நிற்கும்.

கோண்டாவில்: தென்னோலையில் வெள்ளையாய் ஒரு பூச்சி. வெயில் கூடினதாலா?

என் துறையில்லை. விவசாயப் போதனாசிரியரிடம் ஓலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரர்: மண்ணெண்ணெய் மெசினை விட்டுட்டு சோலர் பம்ப் போட்டிருக்கிறன். சூழலுக்கு நல்லதுதானே?

புகைக்கு நல்லது. கிணற்றுக்கு நல்லதா என்பது உங்கள் கையில். மண்ணெண்ணெய் விலை ஏறினால் அரைமணியில் நிறுத்துவீர்கள். வெயிலுக்கு விலையில்லை, காலையிலிருந்து பின்னேரம் வரை ஓடும்.

அதே தோட்டக்காரர்: அப்ப திரும்பவும் புகை விடச் சொல்லுறியளோ? வெங்காயத்துக்குத் தண்ணி வேணும் ஐயா. படிச்ச ஆக்கள் இப்பிடித்தான் தோட்டக்காரனிலை பழி போடுறது.

கோபம் நியாயம். பழி போடவில்லை, கணக்குச் சொல்கிறேன். எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும். மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். துலா மிதித்த காலத்தில் ஆள் களைத்துவிடும். அதற்குள் கிணறு ஊறிவிடும். சோலர் களைக்காது. பம்பை வைத்திருங்கள். மேலே தாங்கி கட்டி, சொட்டு நீர்க் குழாய் போட்டு, காலை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் இறையுங்கள். கிணற்றை ஆழமாக்காதீர்கள், குழாய்க்கிணறு வேண்டவே வேண்டாம். இதை இன்னும் பத்துத் தரம் சொல்லுவேன்.

கனடாவிலிருந்து ஒரு தம்பி: பக்கத்துக் காணிக்காரர் சோலர் போட்டு, நான் போடாமல் விட்டால் என் தண்ணியையும் அவர்தானே இறைப்பார்?

சரியான இடத்தில் பிடித்தீர், தம்பி. வேலி மேலேதான், கீழே தண்ணீர் ஒன்று. அதனால் நீர் ஒருவராய் விட்டுக்கொடுத்துப் பயனில்லை. ஒழுங்கையில் உள்ள பத்துக் காணிக்காரரும் இருந்து, எத்தனை மணி இறைப்பது என்று பேசி முடிவெடுக்க வேண்டும். ஊர்க்காணியை விற்கப் போகிறீரென்றால் காணியோரத்தில் வெள்ளம் போகிற மதவையும் வாய்க்காலையும் மூடாமல் வில்லும். 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த வெள்ளம் வாய்க்கால் அடைத்த காணிகளில் எப்படி நின்றது என்று வீட்டாரைக் கேளும்.

புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரர், மூன்றாம் தரம்: சரி, ரெண்டு மணித்தியாலம் எண்டு வைப்பம். பக்கத்துக்காரன் நாலு மணித்தியாலம் ஓட்டினால்?

அவரையும் இங்கே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். உரமும் குறையுங்கோ. யூரியாவில் மிஞ்சுகிறது நைத்திரேற்று என்ற உப்பாகிக் கல்லிடுக்கால் கிணற்றுக்கே திரும்பி வரும், கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

மானிப்பாய்: கொதிக்க வைத்தால் நைத்திரேற்று—

மேலே சுன்னாகத்துக்குச் சொன்னது.

இணுவில்: உவர்த் தண்ணியைக் கொதிக்க வைத்தால்?

சுன்னாகம்.