க்ரூஸ் டூர் புக் பண்றதுக்கு முன்னாடி கப்பல் எங்க நிக்குதுன்னு பாருங்க

கேள்வி: ஜூன் மாசம் 7 நைட் மெடிடரேனியன் க்ரூஸ் போறோம். பார்சிலோனாவுல ஏறி பால்மா, நீஸ், ஃப்ளாரன்ஸ், ரோம், நேபிள்ஸ் பார்த்துட்டு ஒரு நாள் முழுக்க கடல்ல, அப்புறம் திரும்ப பார்சிலோனா. நாங்க ரெண்டு பேர், 9 வயசு பையன், முட்டி வலி இருக்குற அம்மா. எங்களுக்கு வெயிலும் பீச்சும் சின்ன சின்ன கடற்கரை ஊரும்தான் முக்கியம். ஒவ்வொரு ஊர்லயும் கப்பல்காரங்க டூரையே எடுக்கணுமா, இல்ல நாங்களே இறங்கிப் போயிக்கலாமா?

பதில்: நீங்க எழுதியிருக்குற அஞ்சு ஊர்ல மூணு ஊர்ல உங்க கப்பல் நிக்கப் போறதே இல்ல, முதல்ல அதைத் தெரிஞ்சுக்கங்க. ரோம்னு போட்டிருந்தா கப்பல் நிக்கிறது சிவிட்டாவெக்கியா, அங்கேர்ந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல. ஃப்ளாரன்ஸ்னா லிவோர்னோ, அது கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் (சில கப்பல் லா ஸ்பெசியாவுல நிக்கும், அது இன்னும் தள்ளி). நீஸ்னு போட்டிருந்தா பெரிய கப்பல் பெரும்பாலும் பக்கத்துல இருக்குற வில்பிராஞ்ச் வளைகுடாவுலதான் நங்கூரம் போடும். அதனால டூரை பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி உங்க புக்கிங்ல ஒவ்வொரு நாளுக்கும் போர்ட் பேரு என்ன, கரையில கட்டுவாங்களா இல்ல டெண்டரா (கப்பல் தள்ளி நின்னு சின்ன படகுல கரைக்கு கூட்டிட்டு வர்றது), எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு கிளம்புதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, உங்க கேள்விக்கு பாதி பதில் அதுலயே வந்துடும்.

ஏன்னா டைம் பார்க்க நிறைய இருக்குற மாதிரி இருக்கும், ஆனா இருக்காது. காலைல 8 மணிக்கு வந்து சாயங்காலம் 6 மணிக்கு கிளம்புதுன்னா 10 மணி நேரம்னு நினைப்போம். கப்பலுக்கு அனுமதி கிடைச்சு லிஃப்ட் கூட்டத்துல நின்னு வெளிய வரவே முக்கால் மணி நேரம் ஆயிடும், கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடி (சில கப்பல்ல ஒரு மணி) எல்லாரும் உள்ள இருந்தாகணும், அதுக்கும் மேல நீங்களா ஒரு ஒன்றரை மணி நேரம் கையில வச்சுக்கணும், ட்ரெயின் லேட்டானா வேணுமே. மிச்சம் ஏழு மணி நேரம்தான். என் கணக்கு சிம்பிள், போறதுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்குள்ள இருந்தா தனியா போங்க, அதுக்கு மேல ஆகுதுன்னா கப்பல் டூர் எடுங்க, இல்ல அந்த ஊரையே விட்டுடுங்க. கப்பல் டூர்ல போன பஸ் ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டா கப்பல் வெயிட் பண்ணும், முடியலன்னா அடுத்த போர்ட்டுக்கு அவங்க செலவுல கொண்டு போய் விடுவாங்க. தனியா போய் லேட் ஆனா கப்பல் போயிடும், அடுத்த ஊருக்கு டிக்கெட் உங்க காசு. பெட்டி படுக்கை எல்லாம் கப்பலோட போயிட்டிருக்க ஒரு குடும்பம் துறைமுகத்துல நிக்கிறதை நான் பார்த்திருக்கேன், அந்த அம்மா முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. இறங்கும்போது பாஸ்போர்ட் காப்பி, அம்மாவோட மாத்திரை, போர்ட் ஏஜெண்ட், அதாவது அந்த ஊர்ல கப்பல் கம்பெனிக்காக இருக்குற ஆளோட நம்பர் (கப்பல்ல தர்ற தினசரி பேப்பர்ல இருக்கும்) மூணும் கைப்பையில இருக்கட்டும். ஃபோன் தானா நேரத்தை மாத்திக்கும், கப்பல் நேரம் வேறயா இருக்கலாம், அதனால ஒரு சாதா வாட்ச்ல கப்பல் நேரத்தை வச்சுக்கங்க.

இப்போ ஊருக்கு வரேன். நீங்க கேக்குறது பீச், அப்போ ரோமுக்கு ஓடணும்னு யாரும் சொல்லல. சிவிட்டாவெக்கியாவுலேர்ந்து ரோம் பக்கம் போற லோக்கல் ட்ரெயின்ல முதல் ஸ்டேஷனே சாண்டா மரினெல்லா, சில நிமிஷம்தான், சின்ன மணல் பீச் இருக்கு, பையன் மூணு மணி நேரம் தண்ணியிலயே கிடப்பான். ரோமை இன்னொரு தடவை நாலு நாள் வச்சுக்கிட்டு ஒழுங்கா பாருங்க, அவசரத்துல கொலோசியம் வாசல்ல போட்டோ எடுத்துட்டு ஓடி வர்றது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்ல. லிவோர்னோவுலயும் அதே கதைதான், ஃப்ளாரன்ஸை விட்டுட்டு ட்ரெயின்ல பீசா வழியா வியாரேஜியோ போகலாம், அது அந்தக் காலத்துலேர்ந்தே பேர் போன கடற்கரை ஊர், கிலோமீட்டர் கணக்குல மணல், தரையும் சமமா இருக்கும் அதனால அம்மாவும் ஜாலியா நடப்பாங்க. அதுவும் வேணாம்னா லிவோர்னோவுலயே மஸ்கான்யி டெரஸ்னு கடலை ஒட்டி கருப்பு வெள்ளை சதுரங்கக் கட்டம் மாதிரி தரை போட்ட நடைபாதை இருக்கு, சாயங்கால வெயில்ல அவ்ளோ அழகு.

பால்மாவுல கப்பல் நிக்கிற இடத்துலேர்ந்து கதீட்ரல் நாலு கிலோமீட்டர் கிட்ட, டாக்ஸியோ பஸ்ஸோ எடுங்க, டூர் தேவையே இல்ல. நேபிள்ஸ்ல கப்பல் ஊர் நடுவுலயே நிக்கும், பக்கத்துலயே காப்ரி, சொரெண்டோ போற ஃபெர்ரி. காப்ரிக்கு முக்கால் மணியிலேர்ந்து ஒரு மணி நேரம், ஆனா காத்து அடிச்சா ஃபெர்ரியை நிறுத்திடுவாங்க, தீவுல மாட்டிக்கிட்டா வேற வழியே கிடையாது. அதனால காப்ரி போறதா இருந்தா கப்பல் டூர்லயே போங்க, சொரெண்டோன்னா தரை வழியா ட்ரெயின்லயும் திரும்பி வரலாம்.

வில்பிராஞ்ச் மட்டும் கொஞ்சம் கவனம். அங்க டெண்டர், அதாவது கப்பல் கரையிலேர்ந்து தள்ளி நிக்கும், சின்ன படகுல கரைக்கு வரணும். ஊர் அவ்ளோ அழகு, இறங்கின உடனே பழைய தெரு, நடந்து போற தூரத்துல பீச், பீச்சுக்கு மேலயே ஸ்டேஷன், நீஸ் பத்து நிமிஷத்துக்குள்ள. ஆனா அலை இருந்தா படகு ஏறி இறங்கும், அந்த நேரம் பார்த்து காலை எடுத்து வைக்கணும், முட்டி வலி இருக்குறவங்களுக்கு அதுதான் கஷ்டம். கப்பல் ஏறின அன்னைக்கே கெஸ்ட் சர்வீஸ்ல போய் அம்மாவைப் பத்தி சொல்லிடுங்க, ரெண்டு ஆள் கையைப் பிடிச்சு இறக்கி விடுவாங்க. காத்து ரொம்ப அதிகம்னா டெண்டர் ஊரையே கேன்சல் பண்ணிடுவாங்க, அப்போ பொதுவா போர்ட் கட்டணம் மட்டும்தான் திரும்ப வரும், வெளியில தனியா டூர் புக் பண்ணா கப்பல் வரலன்னா காசு திரும்பத் தருவாங்களான்னு கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

கப்பல் கிளம்பின உடனே ஃபோனை ஏரோப்ளேன் மோடுல போட்டுடுங்க, நடுக்கடல்ல சேட்டிலைட் நெட்வொர்க் தானா பிடிச்சுக்கும், பில் தாங்காது. விமானம் லேட்டானாலும் கப்பல் நிக்காது, அதனால பார்சிலோனாவுக்கு ஒரு நாள் முன்னாடியே போயிடுங்க. ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்கும் சேர்த்து தர்ற ஒரே விசா) வேணும்னா, உங்க ரூட்ல எல்லா நாடும் அதுக்குள்ளயே வருது, ஆனா பின்னாடி கப்பல் ரூட்டை மாத்தி துனிசியா மாதிரி வெளி நாட்டைச் சேர்த்தா திரும்ப உள்ள வர்றதுக்கு சிங்கிள் என்ட்ரி பத்தாது, அதனால மல்டிபிள் கேட்டே அப்ளை பண்ணுங்க.

அப்புறம் ஜூன் ஆரம்பம்னா வெயில் சுள்ளுனு இருக்கும், தண்ணி மட்டும் இன்னும் சில்லுனுதான் இருக்கும், பையனுக்கு முழுக்கை நீச்சல் டிரஸ் ஒண்ணு எடுத்து வைங்க.